அந்தப் படிவத்தைப் புத்தகப் பைக்குள் மறைக்காதீர்கள்

மாணவர்களே, நம் நாட்டுச் சுகாதார அமைச்சு 2016ஆம் ஆண்டு முதல் நான்காம் படிவ மாணவர்களுக்குத் தாலசீமியா இரத்தப் பரிசோதனையைப் பள்ளிகள் வழியாக நடத்தி வருகிறது. இதற்குக் கட்டணம் இல்லை, கட்டாயமும் இல்லை. பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்திட்டால்தான் இரத்தம் எடுப்பார்கள்.

சில வீடுகளில் அந்தக் கையெழுத்து கிடைப்பதில்லை. "பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான், எதற்கு ஊசி?" என்பார்கள். "அது நம்மவர்களுக்கு வராது" என்பார்கள். "பின்னால் கல்யாணப் பேச்சுக்கு இடைஞ்சலாகிவிடும்" என்றும் சொல்வார்கள். இந்த மூன்று காரணங்களும் அறிவியலின் முன் நிற்காது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின்தான் உடல் முழுவதும் ஆக்சிஜனைச் சுமந்து செல்கிறது. வளர்ந்தவர்களின் ஹீமோகுளோபினில் பெரும்பகுதி, இரண்டு ஆல்ஃபா சங்கிலிகளும் இரண்டு பீட்டா சங்கிலிகளும் சேர்ந்து அமைந்தது. பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. அதில் 26ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக லைசின் வந்துவிட்டால், அது 'ஹீமோகுளோபின் இ'. தென்கிழக்காசியாவில் மிகப் பரவலாகக் காணப்படும் மாற்றம் இதுதான். 6ஆம் இடத்தில் வேலின் வந்தால், அது அரிவாள் அணு நோய்க்குக் காரணமான 'ஹீமோகுளோபின் எஸ்'. இப்படிச் சங்கிலியின் அமைப்பு மாறுவது ஒரு வகை. அமைப்பு சரியாக இருந்தும் சங்கிலி போதிய அளவில் உற்பத்தியாகாமல் போவது இன்னொரு வகை. அதுதான் தாலசீமியா.

முதல் காரணத்துக்கு வருவோம். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பழுதான மரபணுவைப் பெற்றவரை மலாயில் 'பெம்பாவா' என்கிறோம். தமிழில் மரபுத் தாங்கி எனலாம். இவர் நோயாளி அல்லர். ஓடலாம், பந்து விளையாடலாம், எல்லாரையும் போல நீண்ட காலம் வாழலாம். ஆகவே ஆரோக்கியமாக இருப்பது, 'நான் தாங்கி இல்லை' என்பதற்குச் சான்றாகாது. இரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும்.

சோதிக்கும் முறையில் நீங்கள் வகுப்பில் படித்த அறிவியல்தான் இருக்கிறது. முதலில், ஒரு சிவப்பணுவில் சராசரியாக எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்று கருவி கணக்கிடும். அது 27 பிகோகிராமுக்குக் குறைந்தால் அடுத்த கட்டச் சோதனை நடக்கும். இரும்புச்சத்துக் குறைவாலும் இந்த எண் இறங்கும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு சொல்லமாட்டார்கள். அடுத்து, ஹீமோகுளோபினை மின்புலத்தில் ஓடவிடுவார்கள். குளூட்டாமிக் அமிலம் எதிர்மின்னூட்டம் கொண்டது. லைசின் நேர்மின்னூட்டம் கொண்டது. ஆகவே 'இ' வகை, இயல்பான வகையோடு சேர்ந்து ஓடாமல் தனியே பிரிந்து நிற்கும். 1949இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் இதே வழியில்தான் அரிவாள் அணு நோய் ஒரு மூலக்கூறின் கோளாறு என்று காட்டினார்கள். சில ஆல்ஃபா தாலசீமியா வகைகள் இதிலும் அகப்படாது. அவற்றுக்கு டி.என்.ஏ. சோதனை வேண்டும்.

'நம்மவர்களுக்கு வராது' என்பது இரண்டாவது காரணம். பீட்டா தாலசீமியா மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து இந்தியா வழியாகத் தென்கிழக்காசியா வரை பரவியிருக்கிறது. நம் நாட்டில் மலாய்க்காரர், சீனர், இந்தியர், பூர்வகுடியினர் எல்லாரிடமும் ஹீமோகுளோபின் கோளாறுகள் உண்டு. எந்த வகை அதிகம் என்பதுதான் வேறுபடும். தமிழ்நாட்டின் நீலகிரி மலையில் வாழும் பழங்குடியினரிடையே அரிவாள் அணுப் பண்பு இருப்பதை 1952இலேயே ஹெர்மன் லேமன் குழுவினர் கண்டறிந்தார்கள். இந்த மரபணுக்கள் இவ்வளவு பரவியதற்கு மலேரியாவே காரணம் என்று கருதப்படுகிறது. தாங்கிகளாக இருந்தவர்கள் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு தப்பினார்கள். கொசு இனம் பார்த்துக் கடிப்பதில்லை.

மூன்றாவது, கல்யாணப் பயம். மரபியல் பாடத்தில் நீங்கள் வரையும் பன்னெட் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி இருவரில் ஒருவர் மட்டும் பீட்டா தாலசீமியா தாங்கி என்றால், பிள்ளைக்குக் கடும் நோய் வராது. இருவரும் தாங்கி என்றால், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூவரும் தப்பிவிடுவார்கள் என்று பொருளில்லை. நாணயத்தைப் புதிதாகச் சுண்டுவது போல, ஒவ்வொரு முறையும் அதே வாய்ப்புதான். ஒருவர் பீட்டா தாலசீமியா தாங்கி, மற்றவர் ஹீமோகுளோபின் இ தாங்கி என்றாலும் இதே கணக்குதான்.

கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். அந்த இரத்தத்தோடு வரும் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் சேராதிருக்க நாள்தோறும் மருந்து வேண்டும். பத்துப் பொருத்தம் பார்க்கும் குடும்பம் இதைத் தெரிந்துகொள்ள மறுப்பது எப்படிச் சரியாகும்? உண்மையை மறைத்தால் ஆபத்து போய்விடாது. முன்கூட்டியே யோசிக்கும் வாய்ப்புதான் போகும். சைப்ரஸ் நாட்டில் திருமணத்துக்கு முன் தாலசீமியா சோதனை செய்த சான்றிதழைத் தேவாலயமே கேட்கிறது. அதில் 'சோதித்தாகிவிட்டது, ஆலோசனை பெற்றாகிவிட்டது' என்றுதான் இருக்கும். திருமணத்துக்குத் தடை போடுவதில்லை. அங்கே கடும் தாலசீமியாவுடன் பிறக்கும் குழந்தைகள் மிகவும் அருகிவிட்டார்கள்.

ஆகவே, படிவம் கைக்கு வந்ததும் அம்மா அப்பாவிடம் காட்டுங்கள். தேசிய மொழியில் உள்ளதைத் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். பாட்டி தாத்தாவுக்கும் சொல்லுங்கள். பல வீடுகளில் அவர்களுடைய சொல்லுக்குத்தான் மதிப்பு. முடிவு வந்ததும் அதைப் பிறப்புச் சான்றிதழோடு பத்திரமாக வையுங்கள்; பத்து ஆண்டுகள் கழித்துத்தான் அது தேவைப்படும். தாங்கி என்று வந்தால் உங்கள் உடன்பிறப்புகளும் சோதித்துக்கொள்வது நல்லது. பள்ளியில் வாய்ப்பைத் தவறவிட்டவர்கள் அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் கேட்கலாம்.

இன்னொன்று. வகுப்பு நண்பரின் முடிவு என்ன என்று துருவாதீர்கள், தெரிந்தாலும் கேலி செய்யாதீர்கள். அவர் மரபணுவை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, நீங்களும் உங்களுடையதைத் தேர்ந்தெடுக்கவில்லை.