23 முறை மணி அடித்தது

என் அம்மாவின் உயிர் போய்க்கொண்டிருந்தபோது நான் அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன்.

2021 ஜூன். ஒரு செவ்வாய்க்கிழமை. ஹாங்காங்கில் நான் வீட்டு வேலை செய்த பதினெட்டாவது மாடி வீடு. என் போன் கூடத்து அலமாரியின் மேல்தட்டில் சத்தம் அடக்கிக் கிடந்தது. காலை 6 மணிக்கு மேடம் கையில் கொடுத்துவிட வேண்டும், இரவு 10 மணிக்குத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அது அந்த வீட்டுச் சட்டம். அன்று இரவு பாத்திரமெல்லாம் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்க்கிறேன். 23 அழைப்புகள். முதல் அழைப்பு பகல் 11:40. கடைசி அழைப்பு மாலை 4:12. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

என் மகளுக்கு அப்போது 10 வயசு. அவள்தான் சொன்னாள். "லோலா காதுல போனை வச்சுப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன் நானய். நீ எடுத்ததும் உன் குரல் அவங்களுக்குக் கேக்கணும்னு. மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

லோலா என்றால் எங்கள் ஊரில் பாட்டி. நானய் என்றால் அம்மா. அந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில் நாலரை மணி நேரம் மணி அடித்திருக்கிறது. எடுக்க வேண்டியவள் எங்கே இருந்தாள்? ஏழு கடல் தாண்டியா? மணிலாவிலிருந்து ஹாங்காங்குக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம். இரண்டு ஊருக்கும் கடிகாரம்கூட ஒன்றுதான். அங்கே 4:12 என்றால் இங்கேயும் 4:12. போனுக்கும் எனக்கும் நடுவில் பத்தடி தூரம். அந்தப் பத்தடியைத் தாண்ட எனக்கு உரிமை இல்லை.

நாலு வருஷமாக இதை யாரிடமும் நான் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டியதாகிவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, புதிதாக வந்தவள், 25 வயசு, இரண்டு வயசுக் குழந்தையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். விடுமுறை நாளில் எங்கள் பெண்கள் கூடும் சேட்டர் ரோட்டில் அட்டை விரித்து உட்கார்ந்திருந்தோம். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, வேலை நேரத்துல போனை வாங்கி வச்சுக்கிறாங்க. எல்லா வீட்லயும் அப்படித்தானா?"

இனி எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது?

நான் எஸ்டான்சியாக்காரி. பிலிப்பைன்ஸில் இலோய்லோ மாகாணத்தின் வடக்குக் கரையில் இருக்கும் மீன்பிடி ஊர். மீன் அவ்வளவு கொழித்த கடல் அது. அந்த ஊரைப் பிலிப்பைன்ஸின் அலாஸ்கா என்றே சொல்வார்கள். 2013 நவம்பர் 8-ஆம் தேதி யோலாண்டா புயல் வந்தது. நீங்கள் அதை ஹையான் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் படகு துண்டு துண்டாகக் கரையில் கிடந்தது. அது போதாதென்று, கரையோரம் கட்டியிருந்த, மின்சாரம் தயாரிக்கும் மிதவைக் கப்பல் உடைந்து கடலெல்லாம் எண்ணெய். நாற்றம் தாங்காமல் ஊரையே காலி செய்யச் சொன்னார்கள். படகும் இல்லை, கடலும் இல்லை என்றால் மீனவன் வீட்டில் மிச்சம் என்ன? பெண்பிள்ளைகள்தான். எங்களை வெளியே அனுப்பினார்கள். 2014 ஜூனில் நான் கிளம்பினேன். என் மகளுக்கு 3 வயசு. தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினால் போக முடியாது என்று அம்மா எழுப்ப விடவில்லை. இன்றைக்கு வரை என் மகள் கேட்கும் கேள்வி அதுதான்: ஏன் எழுப்பவில்லை?

கணவரைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. 2017-இல் வேறொரு வீட்டுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான்.

என்னை வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட்டுக்கு வருகிறேன். வீட்டு வேலைக்குப் போகிறவளிடம் வேலை வாங்கித் தந்ததற்கென்று ஒரு பெசோ வாங்கக் கூடாது என்று என் நாட்டில் 2006-இலிருந்தே விதி இருக்கிறது. ஹாங்காங்கில் முதல் மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம். என் ஒப்பந்தத்தில் சம்பளம் 4,010 ஹாங்காங் டாலர். அப்படியென்றால் 401 டாலர். என்னிடம் எவ்வளவு வாங்கினார்கள் தெரியுமா? ஆறு மாதம், மாதம் 2,000 டாலர். பயிற்சிக் கட்டணம் என்று பெயர். துணி மடிக்கவும் மேசை துடைக்கவும் எனக்குப் பயிற்சி! கட்டி முடிக்கும்வரை பாஸ்போர்ட் அவர்கள் பெட்டியில். அந்த ஆறு மாதமும் மிச்சச் சம்பளத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, வெறும் கையோடு இருந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறேன் என்று சொன்னேன். எங்கள் எல்லோருக்கும் முதலில் வரும் பொய் அதுதான்.

குடும்பத்தோடு ஒட்டியே இருக்க நான் என்னதான் செய்யவில்லை? சொல்லுங்கள். என் மகளின் காலைத் தாளில் வைத்து வரைந்து, ஊரிலிருந்து வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பச் சொன்னேன். அந்தத் தாளைக் கடை கடையாக எடுத்துப்போய் செருப்புக்குள் வைத்துப் பார்த்து வாங்கினேன். பாலிக்பயான் பெட்டி என்று எங்களுக்கு ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் பெரிய அட்டைப் பெட்டி. சோப்பு, பற்பசை, டப்பா இறைச்சி, துண்டு, சாக்லேட் என்று மாதக்கணக்கில் சேர்த்து, சந்து பொந்தெல்லாம் அடைத்து, கப்பலில் அனுப்புவோம். அது போய்ச் சேர வாரக்கணக்காகும். அதற்குள் பிள்ளையின் கால் வளர்ந்துவிடும். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை செருப்பு சின்னதாகிப் போனது. மூன்றாம் தடவை என் மகள் சொல்லவே இல்லை. வலித்தாலும் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். குதிகால் புண்ணாகி அம்மா சொல்லித்தான் தெரிந்தது. எட்டு வயசுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரிந்தது, என்னிடம் வலியைச் சொல்லக் கூடாதென்று? நான் கற்றுக்கொடுத்ததா?

போன் ஒன்றுதான் எனக்கு வீடு. சோற்றில் உப்புக் குறைவு என்பதிலிருந்து வீட்டுக் கணக்கு வரை அதில்தான் கேட்டேன். அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரையை அதில்தான் எண்ணினேன். அட்டையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, இன்றைக்குப் போட்டாயா என்று கேட்பேன். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தின நாள் இரவும் கேட்டேன். ஒன்றுதான் மிச்சம் இருந்தது. நாளைக்குப் பணம் அனுப்புகிறேன் என்றேன்.

அந்த 23 அழைப்புகளைப் பார்த்த மறுநாள் காலை மேடத்திடம் போய் நின்றேன். அம்மா இறந்துவிட்டாள் என்றேன். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் தோளைத் தொட்டார். அப்புறம் சொன்னார்: "இனிப் போய் என்ன செய்யப்போகிறாய்? வீடியோவில் பார்த்துக்கொள்ளலாமே."

வீடியோவில் பார்த்துக்கொள்ளலாமே!

அப்போது கொரோனா காலம். பிலிப்பைன்ஸிலிருந்து ஹாங்காங்குக்கு வரும் விமானங்களை அந்த ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தார்கள். போனால் எப்போது திரும்ப முடியும் என்று தெரியாது. திரும்ப முடியாவிட்டால் வேலை போகும். வேலை போனால், 1987-இலிருந்து இங்கே ஒரு விதி: ஒப்பந்தம் முறிந்த பணிப்பெண் 14 நாளில் ஹாங்காங்கைவிட்டு வெளியேற வேண்டும். அந்த 14 நாள்தான் எங்கள் வாய்ப்பூட்டு. போனைப் பிடுங்கினால் பேசாதே, 14 நாள். விடுமுறை நாளில் வெளியே விடாவிட்டால் பேசாதே, 14 நாள். புகார் சொல்லிவிட்டு இரவு எங்கே படுப்பாய்? 2003-இலிருந்து, முதலாளி வீட்டிலேயேதான் தங்க வேண்டும் என்பது சட்டம். அதை எதிர்த்து வழக்குப் போட்டுப் பார்த்தோம். 2020-இல் மேல்முறையீட்டிலும் தோற்றோம். வேறு வேலைக்கு வந்த வெளிநாட்டவர் 7 வருஷம் இருந்தால் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்கலாம். எங்களுக்கு எத்தனை வருஷம் ஆனாலும் கிடையாது. 2013-இல் இந்த ஊரின் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பிள்ளையைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளவும் முடியாது. உங்கள் பிள்ளையை நாங்கள் கழுவலாம், ஊட்டலாம், தூங்கவைக்கலாம். எங்கள் பிள்ளை எங்கள் பக்கத்தில் படுக்கக் கூடாது. இது எந்த ஊர் நியாயம்?

எங்கள் ஊரில் இறந்தவரை அவசரமாக எடுக்க மாட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வரும்வரை நாள் கணக்கில் வைத்துக் காத்திருப்பார்கள். அம்மாவுக்கு அதுவும் இல்லாமல் போனது. அடக்கத்தை வீடியோவில் பார்க்க எனக்கு ஒரு மணி நேரம் போன் கொடுத்தார்கள். குளியலறைத் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். கல்லறைத் தோட்டத்தில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. பாதிரியார் கையைத் தூக்கியபடி படம் அப்படியே நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது குழியில் பாதி மண் விழுந்திருந்தது. பெற்றவளுக்கு ஒரு பிடி மண் போட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. வெளியே மேடத்தின் குழந்தை கதவைத் தட்டும் சத்தம். "ஆன்ட்டி, பசிக்குது." அந்தக் குழந்தையின் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு போய் ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தேன்.

என்னைத் தியாகி என்று சொல்லாதீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. 1974-இல் மார்கோஸ் ஆட்சியில் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் வேலையை அரசாங்கமே சட்டம் போட்டுத் தொடங்கியது. 1988-இல் அதிபர் கொராசோன் அகினோ இதே ஹாங்காங்கில் பணிப்பெண்கள் முன்னால் நின்று எங்களைப் புதிய வீரர்கள் என்றார். 1995-இல் சிங்கப்பூரில் எங்களைப்போல் பணிப்பெண்ணான ஃப்ளோர் கொன்டம்ப்ளாசியோனைத் தூக்கில் போட்டார்கள். எங்கள் நாடே தெருவில் இறங்கி அழுதது. அந்த வருஷமே சட்டம் எண் 8042 வந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? பொருளாதாரம் வளர்வதற்கான வழியாக வெளிநாட்டு வேலையை அரசு ஊக்குவிக்கவில்லையாம். 2024-இல் வெளிநாடுகளில் இருக்கும் நாங்கள் எல்லோரும் வீட்டுக்கு அனுப்பிய பணம் 3,400 கோடி அமெரிக்க டாலருக்கு மேல். அந்தப் பணம் ஒரு வருஷம் வராவிட்டால் என் நாடு தாங்குமா? தாங்காது என்று தெரிந்துகொண்டே ஊக்குவிக்கவில்லை என்று எழுதுகிறீர்களே, எழுதிய கை கூசவில்லையா? 2018-இல் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன ஜோயன்னா டெமாஃபெலிஸின் உடலை உறைபெட்டிக்குள்ளிருந்து எடுத்தார்கள். அவள் எங்கள் இலோய்லோ பெண். பிணமாகக் கிடைத்த பிறகுதான் அவள் பெயர் எல்லோருக்கும் தெரிந்தது. உயிரோடு இருக்கும்போது எங்கள் பெயர் யாருக்குத் தெரியும்?

ஊர்க்காரர்களே, உங்களுக்கும் சொல்கிறேன். அவளுக்கென்ன, ஹாங்காங்கில் இருக்கிறாள், சிமென்ட் வீடு கட்டிவிட்டாள் என்று பேசுகிறீர்கள். கட்டினேன். அந்த வீட்டில் 11 வருஷத்தில் நான் படுத்த ராத்திரிகளை எண்ணிப் பாருங்கள். நூறு வராது.

இப்போது நான் வேறு வீட்டில் இருக்கிறேன். போன் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. யாரும் கேட்பதில்லை. ஆனால் என் மகள் எடுப்பதில்லை. அவளுக்கு இப்போது 14 வயசு. நான் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது, நின்றுவிடுகிறது. அப்புறம் ஒரு வரி எழுதி அனுப்புவாள்: பள்ளிக்குப் பணம் கட்ட வேண்டும், அல்லது, காய்ச்சல் சரியாகிவிட்டது. காய்ச்சல் வந்ததே எனக்குத் தெரியாது. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பிள்ளை 23 முறை கூப்பிட்டாள். நான் வரவில்லை. போனை யார் வாங்கி வைத்திருந்தார்கள், எந்தச் சட்டம் என் வாயைக் கட்டியது, எந்த ஏஜென்ட் எவ்வளவு தின்றான் என்று அவளிடம் சொல்லி என்ன? அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. நானய் எடுக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் சிலர் வீட்டிலாவது என்னைப்போல் ஒருத்தி இருப்பாள். எந்த நாட்டுக்காரியாக இருந்தால் என்ன, எந்த மொழி பேசினால் என்ன. வேலை கெட்டுப்போகும் என்று அவள் போனை நீங்கள் வாங்கி வைத்திருக்கலாம். கெட்ட எண்ணத்தோடு வைத்திருக்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து அதை எடுத்து அவள் கையில் கொடுங்கள். இரவு 10 மணிவரை காத்திருக்க வேண்டாம். இப்போதே கொடுங்கள்.