நிறுத்தப்பட்ட நாள்களின் கூலி

மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் முதல் பேருந்தைப் பிடித்து மதுரைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நம் காலனிப் பெண்கள். மருத்துவமனை, விடுதி, தெரு என்று ஊர் கண்விழிக்கும் முன் கூட்டி முடித்திருப்பார்கள். இவர்களுக்கு வேலை போவது கடிதத்தால் அல்ல. "நாளையிலிருந்து வராதே" என்று சூப்பர்வைசர் சொன்னால் போச்சு. மகன் வயதுக்காரர் ஒருமையில் சொல்வது தனிக் கணக்கு.

மத்திய நீர் ஆணையத்தில் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் துப்புரவும் தோட்ட வேலையும் செய்தவர்கள் பணி நிரந்தரம் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2018 அக்டோபரில் நிறுத்தப்பட்டார்கள். 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்த்து நிரந்தரமாக்கச் சொன்னது. காலமெல்லாம் தற்காலிகமாகவே வைத்திருக்கும் வழக்கத்தை அரசு நிறுவனங்களின் முகத்துக்கு நேராகக் கண்டித்த தீர்ப்பு அது. நாம் கொண்டாடினோம், இன்றும் கொண்டாடுகிறோம். ஆனால் வெளியே நின்ற ஆறு ஆண்டுகளுக்குச் சம்பளம் கிடையாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. வேலை செய்யாத காலமாம். வேலை செய்ய விட்டது யார்?

2013-இல் மகாராஷ்டிர ஆசிரியை ஒருவரின் வழக்கில் (தீபாலி குண்டு சுர்வாசே வழக்கு) இதே நீதிமன்றம் முழுச் சம்பளம் கொடுத்தது. தவறாக நீக்கியவர் சம்பளத்தையும் தருவதே பொதுவிதி என்றது. 2025 ஜனவரியில் காசியாபாத் மாநகராட்சித் தோட்டக்காரர்களுக்குக் கிடைத்தது பாதிச் சம்பளம். 2009-இல் ஹரியானா தினக்கூலி ஒருவருக்கு வேலையே திரும்பவில்லை. 50,000 ரூபாயோடு முடிந்தது. ஒவ்வொரு வழக்குக்கும் தனிக் காரணம் உண்டு என்பார்கள் வக்கீல்கள். இருக்கட்டும். சுண்ணாம்புக்கட்டி பிடித்த கைக்கு முழுசு, துடைப்பம் பிடித்த கைக்கு ஒன்றுமில்லை என்ற வரிசை நம் கண்ணை உறுத்துகிறது.

ஆசிரியை தீர்ப்பில் நமக்கு உதவும் நுணுக்கம் ஒன்று உண்டு. நீக்கப்பட்ட பிறகு வேறு வருமானமுள்ள வேலை இல்லை என்று தொழிலாளி முதலில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், இருந்தது என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. பசி தாங்காமல் நாலு நாள் களை எடுக்கப் போயிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதிவிடலாம்.

காலமும் குறுகிவிட்டது. பழைய சட்டம் மூன்று ஆண்டு தந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் சமரச அதிகாரியிடம் போக இரண்டே ஆண்டுதான். வருகைச் சீட்டு, வங்கிப் புத்தகம், பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை எதையும் தூக்கிப் போட வேண்டாம். ஓராண்டில் 240 நாள் உழைத்ததைக் காட்ட அவைதாம் சாட்சி.

வேறு வேலை இல்லை என்ற அந்த ஒரு வரி விடுபட்டுப்போன மனுக்களை நாம் பார்த்திருக்கிறோம். அம்மாவோ அத்தையோ கைநாட்டு வைக்குமுன், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் மனுவை ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.