கண்ணுக்கு ஒரு நிறம், கடிதத்துக்கு ஒரு நிறம்



வாழ்வாதார உதவி, காணிப் பிரச்சினை, காணாமற்போனவர் பற்றிய விசாரிப்பு என்று எமது பெண்கள் அலுவலகங்களுக்கு எழுதும் கடிதங்களிற் பல இன்று மின்னஞ்சலாகவே போகின்றன. எழுத்துப் பிழை, இலக்கப் பிழை பார்க்கும் நாம் எழுத்தின் நிறத்தைக் கவனிப்பதில்லை. இம்மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

எமது கணனி வகுப்பிற்கு வரும் அக்கா ஒருவருக்கு 2009இல் எறிகணைச் சிதறல் பட்டு ஒரு கண்ணின் பார்வை மங்கிவிட்டது. வெள்ளைத் திரையைப் பார்த்தால் கண் கூசி நீர் வடியும். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்தென்றால் ஒரு மணித்தியாலம் இருந்து எழுதுவார். இழப்பீடு கேட்டு அப்படி அவர் எழுதிய கடிதத்துக்கு, "வாசிக்க முடியவில்லை, மீண்டும் அனுப்பவும்" என்ற பதில் வந்தது. இரண்டு வாரங்கள் வீணாயின.

காரணம் இதுதான். திரையின் கறுப்பு அவருடைய கணனியிலேயே நின்றுவிட்டது. எழுத்தின் மஞ்சள் மட்டும் கடிதத்தோடு போய்விட்டது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டை அளக்க ஒரு முறை உண்டு. சாதாரண எழுத்துக்கு அது குறைந்தது 4.5 மடங்காவது இருக்க வேண்டும் என்பது சர்வதேச இணைய நியமம். கறுப்பில் மஞ்சள் 19 மடங்குக்கு மேல் வரும். அதே மஞ்சள் வெள்ளையில் 1.1 மடங்கைக்கூடத் தொடாது.

ஆகவே இரண்டையும் பிரித்து வைத்தல் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளில் இதற்கு இரண்டு இடங்கள் உள்ளன. 'செட்டிங்ஸ்' சென்று, 'ஜெனரல்' பகுதியிலுள்ள 'கலர்ஸ்' என்பதில் உங்கள் கண்ணுக்கு இதமான நிறங்களைத் தெரியலாம். அது உங்கள் திரைக்கு மட்டும். அடுத்து 'கொம்பொசிஷன்' பகுதியில் 'யூஸ் ரீடர்ஸ் டிபோல்ட் கலர்ஸ்' என்ற பெட்டியில் சரி அடையாளம் இடுங்கள். பெறுபவர் தமது திரையின் வழமையான நிறத்திலேயே கடிதத்தைக் காண்பார். எழுதும்போது மேலேயுள்ள நிறப் பொத்தானைத் தொடாதீர்கள்.

முக்கியமான திகதியைச் சிவப்பில் எழுதுவதும் பயன் தராது. கறுப்பு வெள்ளை அச்சில் சிவப்பு, சாம்பலாகிவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களும் இருக்கிறார்கள். திகதி, கோவை இலக்கம் என்பவற்றைத் தனி வரியில் எழுதுங்கள்; கோவை இலக்கத்தைத் தலைப்பு வரியிலும் இடுங்கள். அனுப்புமுன் ஒரு பிரதியை உங்களுக்கே அனுப்பி, வேறொரு கைத்தொலைபேசியில் திறந்து பாருங்கள்.

"தங்கச்சி, எல்லாரும் பாவிக்கிற கணனி, நிறத்தை மாத்தினால் பேசுவினம்" என்று அந்த அக்கா முதலில் தயங்கினார். கணவனை இழந்தவள் என்ன நிறத்தில் உடுக்கலாம் என்பதையே ஊர் தீர்மானிக்கும் இடத்தில் அந்தத் தயக்கம் புதிதன்று. ஆனால் வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிவிட ஒரு நிமிடம் போதும். காயப்பட்ட கண்ணுக்கு இதமான நிறத்தைத் தெரிவது ஆடம்பரமல்ல, எமது கடிதத்தை நாமே எழுதுவதற்கான வழி. இதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை, சகோதரிகளே.