பந்துக்கு அஞ்சும் சிறுவன்

1781-ஆம் ஆண்டில் ஐதர் அலியின் படையும் ஆங்கிலப் படையும் பீரங்கி கொண்டு பொருத களம் பரங்கிப்பேட்டை. சென்ற விடுமுறையில் அவ்வூர் மணல்வெளியில் நாம் கண்ட போர் மிகச் சிறிது. பத்து வயதுச் சிறுவனொருவன் கிரிக்கெட்டு மட்டையுடன் நின்றான். பந்து வருமுன்னரே அவன் கால்கள் விலகின, கண்கள் மூடின, விக்கெட்டு வீழ்ந்தது. சூழ நின்றோர் “கோழை” என்று நகைத்தனர். நகைத்தவர்களுள் நாமும் இருந்தோம். மறுநாள் அச்சிறுவன் ஆட வரவில்லை. அந்நகைப்புக்குக் கழுவாயாகவே இதனை எழுதத் துணிந்தோம்.

அவன் அஞ்சியது பிழையா? கிரிக்கெட்டுப் பந்து ஏறக்குறைய 160 கிராம் எடையுள்ளது, கல்லனைய வன்மையுடையது. அமெரிக்கரது பேஸ்பால் பந்தும் அத்தகையதே. 1920-இல் ரே சாப்மன் என்னும் பேஸ்பால் வீரர் தலையில் பந்து பட்டு மாண்டார். 1962-இல் நம் இந்திய அணித் தலைவர் நாரி கான்ட்ராக்டர் பார்படோசுத் தீவில் மண்டையோடு உடைந்து அரிதின் உயிர் பிழைத்தார். 2014-இல் தலைக்கவசம் அணிந்திருந்தும் பிலிப் ஹியூசு சிட்னி நகரில் அடிபட்டு உயிர் துறந்தார். வள்ளுவரும் அச்சம் அனைத்தையும் பழித்தாரல்லர். தக்கதற்கு அஞ்சுதலை அறிவின்பாற்படுத்தே கூறினார். ஆதலின் சிறுவனது அச்சம் அறிவின் முளையேயன்றிக் கோழைமை அன்று.

எனினும் அவ்வச்சம் கண்ணை மூடச் செய்யுமாயின், அதுவே ஆபத்தைப் பெருக்குகின்றது. பந்தைக் காண்பவனே விலகவும் குனியவும் வல்லவன்; காணாதவன் அடிபடுவான். எனவே, நாம் நீக்கவேண்டுவது அச்சத்தையன்று, கண்மூடலையே.

அதற்கு வழி யாது? முதலில் தலைக்கவசம் அணிவித்து, டென்னிசுப் பந்தை அண்மையிலிருந்து மெல்ல எறிக. மட்டையின்றியே பந்தைப் பார்த்து விலகப் பழக்குக. பேஸ்பால் ஆசிரியர்கள், மேல்வரும் பந்துக்கு முகத்தையும் மார்பையும் உட்புறமாகத் திருப்பி முதுகு காட்டக் கற்பிக்கின்றனர். கிரிக்கெட்டிலோ பந்தினின்று கண்ணெடாமல் குனியவோ சாயவோ கற்பிப்பர். காக்கும் முறை அறிந்தவனுக்கு அச்சம் தானே குறையும். பின்னர் வேகத்தையும் பந்தின் வன்மையையும் படிப்படியாக உயர்த்துக. ஆட்டமும் கற்பித்தற்குரியது என்று கருதியன்றோ 1920-இல் ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் வொய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார்!

“அடிபட்டால் தானே பழகுவான்” என்பாருமுளர். அடிபட்டுப் பழகினவர் சிலர். அடிபட்டு ஆட்டத்தையே துறந்தவர் பலர். முன்னவரை நாம் களத்தில் காண்கின்றோம். பின்னவர் நம் கண்ணில் படுவதில்லை. அதனாலேயே அவ்வுரை மெய்போலத் தோன்றுகின்றது. நீந்தவறியாத மகனை வெள்ளாற்று முகத்துவாரத்தில் தள்ளிவிட்டுக் கரையில் நின்று சிரிக்கும் தந்தை உண்டோ?

கடல்மேல் நடந்த பேதுரு காற்றைக் கண்டு பயந்து அமிழ்ந்தபோது, நம் ஆண்டவர் முதலில் கையை நீட்டிப் பிடித்தார், அதன்பின்னரே கடிந்துரைத்தார். நாமோ கையை நீட்டாமலே கடிந்துரைக்கின்றோம். விளையாட்டுக் களத்தில் மட்டுமன்று, வகுப்பறையிலும் பேச்சு மேடையிலும் இதுவே நம் வழக்கமாயிற்று.

வரும் விடுமுறையில் ஒரு டென்னிசுப் பந்துடன் அச்சிறுவனைத் தேடிச் செல்வோம். நண்பர்களே, உங்கள் ஊரிலும் அத்தகையான் ஒருவன் இருப்பான், தேடுங்கள்.