ஆப்ஷன் கூடினால் குழப்பமும் கூடுமா? சாய்ஸ் ஃபில்லிங்கில் மாணவர்கள் திணறுவது ஏன்?

ராத்திரி ஓடிடி-யைத் திறந்து, எந்தப் படம் பார்ப்பது என்று தேடியே அரை மணி நேரத்தைத் தொலைப்பவர்கள் பலர். அதில் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால், இதே திணறல் பொறியியல் கவுன்சலிங்கில் வந்தால், பணயம் வைக்கப்படுவது நான்கு வருடப் படிப்பு. 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் பல பாடப்பிரிவுகள். சில நாள்களுக்குள் வரிசைப்படுத்தியாக வேண்டும்.

ஜாம் சொன்ன பாடம்

உளவியலாளர்கள் ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் இருவரும் 2000-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதில் பிரபலம். கலிஃபோர்னியாவில் ஒரு கடையில் ஜாம் வகைகளை ருசி பார்க்க வைத்தார்கள். 24 வகை வைத்தபோது 60 சதவிகிதம் பேர் நின்று பார்த்தார்கள். அவர்களில் வாங்கியவர்கள் வெறும் 3 சதவிகிதம். 6 வகை மட்டும் வைத்தபோது 40 சதவிகிதம் பேர்தான் நின்றார்கள். ஆனால், அவர்களில் 30 சதவிகிதம் பேர் வாங்கினார்கள்.

எப்போதும் அப்படித்தானா?

இல்லை. 50 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2010-ம் ஆண்டு ஆய்வில், சராசரி பாதிப்பு கிட்டத்தட்ட பூஜ்ஜியம் என்றே தெரியவந்தது. அப்படியானால் திணறல் எப்போது வருகிறது? என்ன வேண்டும் என்பதில் தெளிவில்லாதபோது, ஒப்பிடுவது கடினமாக இருக்கும்போது, நேரம் குறைவாக இருக்கும்போது. 'ஃபில்டர் காபிதான்' என்று முடிவு செய்துவிட்டு வருபவரை, ஹோட்டலின் நீளமான மெனு ஒன்றும் செய்வதில்லை.

கவுன்சலிங்கில் இந்த மூன்றும் ஒன்றாக வந்து நிற்கின்றன. அதனால்தான் பலரும் நண்பனின் லிஸ்ட்டை அப்படியே காப்பியடிக்கிறார்கள்; அல்லது சொந்தக்காரர் சொன்னதை நம்பிவிடுகிறார்கள்.

என்ன செய்யலாம்?

எல்லாவற்றிலும் சிறந்ததைத் தேடாமல், 'நமக்கு இது போதும்' என்ற அளவுகோலை வைத்துத் தேர்வு செய்வதுதான் மனித இயல்புக்கு ஒத்துவரும் என்றார் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன். அதன்படி, கல்லூரிப் பட்டியலைத் திறப்பதற்கு முன்பே வீட்டில் மூன்று விஷயங்களை எழுதி வைத்துவிடலாம்: எந்தெந்தப் பாடப்பிரிவு, எவ்வளவு கட்டணம் வரை, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? இதில் தேறாதவற்றைத் தயங்காமல் நீக்கிவிட்டாலே பட்டியல் பாதியாகக் குறையும்.

மிச்சம் இருப்பது எத்தனை என்பது பிரச்னை இல்லை. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால், மேலிருந்து கீழாகப் பார்த்து, மாணவரின் ரேங்குக்கு முதலில் கிடைக்கும் இடமே ஒதுக்கப்படும். 'சும்மா இருக்கட்டும்' என்று மேலே போட்ட கல்லூரி கிடைத்துவிட்டால், அதற்குக் கீழே இருக்கும் பிடித்த கல்லூரி அந்த ஒதுக்கீட்டில் பார்க்கப்படாது. அதனால், லாக் செய்வதற்கு முன் எண்ணிக்கையைவிட வரிசையைத்தான் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும்.