குரும்பையின் தொப்பிக்குள் இருப்பதை யார் பார்ப்பது?

2025 செப்டம்பர் 2ஆம் திகதி, உலகத் தென்னை தினத்தன்று, 'வடக்குத் தென்னை முக்கோணம்' புதுக்குடியிருப்பில் தொடக்கிவைக்கப்பட்டது. வரவேற்கவேண்டிய திட்டமே. எறிகணை பட்டுத் தலையிழந்து நின்ற பளைத் தென்னைகளையும், 2009இன் பின் ஊர் திரும்பியவர்கள் கண்ட மொட்டைத் தோப்புகளையும் பார்த்த எவரும் ஒரு தென்னம்பிள்ளை நடப்படுவதை எதிர்க்கமாட்டார். நான் எதிர்ப்பது எண்ணும் முறையை. இத்தகைய மேடைகளில் இத்தனை ஏக்கர், இத்தனை கன்று என்று வாசிக்கிறார்கள். நெட்டை இனத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டு செல்லும். அதற்குள் ஒரு பொதுத்தேர்தல் வந்துபோய்விடும். முதற் பாளை வெடித்துக் குரும்பை பிடிக்கும்போது மேடையில் இருந்தவர் எவரும் தோட்டத்துக்கு வரப்போவதில்லை. சிற்றுண்ணி வரும்.

இந்த உண்ணி 1997ஆம் ஆண்டின் இறுதியில், புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டியில்தான் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு கேரளத்திலும் கண்டார்கள், தமிழகத்துக்கும் பரவியது. 1965இல் மெக்சிக்கோவின் குரேரோ மாநிலத்துக் காய்களைக் கொண்டு விபரிக்கப்பட்டதால் அசேரியா குரேரோனிஸ் என்று பெயர். நீளம் ஒரு மில்லிமீற்றரின் கால்பங்கு, கண்ணுக்குத் தெரியாது. தமிழகத்தில் இதனைச் சிலந்தி என்கிறார்கள். ஆனால் சிலந்திக்கு எட்டுக் கால், இதற்கு நான்கே கால். குரும்பையின் காம்படியில் தொப்பி போல மூடியிருக்கும் இதழ்களுக்குள் புகுந்து, அங்கேயே முட்டையிட்டுப் பெருகி, இளந்தோலை உறிஞ்சுகிறது. பத்து நாளுக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடுகிறது. தொப்பியின் கீழே முதலில் வெளிறிய முக்கோணம் ஒன்று தோன்றும். காய் வளர வளர அது கபில நிறமாகி வெடித்துப் பிளக்கும். காய் சிறுக்கும், மட்டை இறுகும், தும்பு கட்டையாகும். வறண்ட மாதங்களில் இதன் பெருக்கம் கூடுதல். மாரி போனபின் நீண்ட கோடையைக் காணும் வன்னியை விட வாய்ப்பான இடம் இதற்கு வேறெங்கே?

தேங்காய் விலை ஏறியதே, கமக்காரனுக்கு இலாபந்தானே என்று கேட்பவர்கள் உண்டு. வியாபாரி தோட்டத்து வாசலில் காய் பிரிப்பதை அவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள். வடுவுள்ள சிறுகாய்கள் ஒருபுறம் ஒதுக்கப்படும். இரண்டு ஒன்றாக எண்ணப்படும். "நான் தென்னைதான் வைச்சனான் ஐயா, காய்க்கிறது பாக்கு" என்றார் முல்லைத்தீவுக் கமக்காரர் ஒருவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இந்த நிலையில் அவருக்குக் கிடைக்கும் ஆலோசனை என்ன? கடைக்காரர் ஒரு போத்தலைக் கொடுக்கிறார். பூச்சிகளுக்கான நஞ்செல்லாம் உண்ணியைக் கொல்லாது. கொல்லக்கூடியதும் தொப்பிக்குள் எளிதில் புகாது. அறுபதடி மரத்தில் ஏறி மாதந்தோறும் விசிறுவதற்கு ஆளும் இல்லை, கூலியும் இல்லை. விசிறினால் இளநீரில் என்ன கலக்கும் என்பதைச் சொல்லத்தேவையில்லை. கேரளத்தின் வேப்பெண்ணெய்–பூண்டுக் கரைசலும், லுணுவிலத் தென்னை ஆராய்ச்சி நிறுவகம் சோதித்த எண்ணெய்–கந்தகக் கலவையும் நஞ்சற்றவைதான். கட்டை மரத்துக்குப் பயன்படும். நெட்டை மரத்துக்கு அவற்றையும் எவர் ஏற்றுவது? போதாததற்கு இப்போது வெண் ஈக்கென்று கண்டதையும் அடிக்கிறார்கள். அதில் முதலில் சாவது உண்ணியைத் தின்னும் உயிரிகளே.

அப்படித் தின்னும் உயிரி ஒன்று உண்டு என்பதுதான் இங்கே முக்கியம். நியோசையுலஸ் பராக்கி என்ற இரைகௌவி உண்ணி, தட்டையான நீண்ட உடலால் அதே தொப்பிக்குள் நுழைந்து வேட்டையாடுகிறது. தானியக் களஞ்சியத்து உண்ணிகளை உணவாகக் கொடுத்து அதனைப் பெருக்கி, பொதிகளில் அடைத்துத் தோட்டங்களில் விடும் முறையை லுணுவில நிறுவகமே உருவாக்கியது. அறிவு நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் ஒருமுறை விட்டால் போதாது. மீண்டும் மீண்டும் விடவேண்டும், அயல் முழுவதும் விடவேண்டும். தென்னஞ் சிற்றுண்ணி காற்றில் பறந்து பரவுவது; வேலி அதற்குத் தெரியாது.

ஆகவே 'அவரவர் தோட்டத்தை அவரவர் பார்க்கட்டும்' என்ற வாதம் வன்னியில் செல்லாது. பக்கத்துக் காணிக்காரர் கனடாவில் இருக்கிறார். அதற்கப்பால் உள்ள காணி இன்னும் படையினர் வசம் இருந்தால், அங்கே நிற்கும் தென்னைக்கு உரிமையாளன் ஏணி வைக்க முடியாது. இவற்றுக்கு நடுவே அரை ஏக்கர் வைத்திருக்கும் விதவைப் பெண் மட்டும் தன் பத்து மரத்துக்கு மருந்தடித்து என்ன பயன்? நுளம்பு ஒழிப்பைப் போல இதுவும் பொதுச் செலவில், ஊர் ஊராக, காணியின் உரிமையாளன் யாரென்று பாராமல் செய்யப்படவேண்டிய வேலை. படையினர் வசமுள்ள காணியும் அதில் அடங்கவேண்டும்.

பிரதேச விவசாயக் குழுக் கூட்டங்களில் கமக்காரர் அமைப்புகள் கேட்கவேண்டியது இதைத்தான்: சென்ற ஆண்டு எங்கள் பிரிவில் எத்தனை தோட்டங்களில், எத்தனை தடவை இரைகௌவி விடப்பட்டது? அடுத்த தடவை எப்போது? கன்றுகளின் எண்ணிக்கையோடு இந்த எண்ணையும் வாசிக்கச் சொல்லுங்கள். பதிலைக் கூட்ட அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.