மஞ்சளானால் யூரியாவா? மணப்பட்டு மணலில் கரையும் காசு

பாகூர்:-

பயிர் பழுத்துப்போச்சா? ஒரு மூட்டை யூரியா போடு. பாகூர் பக்கத்து கிராமங்களில் டீக்கடை முதல் உரக்கடை வரை இதுதான் வைத்தியம். ஆனால் மணப்பட்டு போன்ற கடலோர மணற்பாங்கான நிலத்தில் இந்த வைத்தியம் பல நேரம் பலிப்பதில்லை.

காரணம் எளிது. மணல் சத்தைப் பிடித்து வைக்காது. யூரியா தண்ணீரில் கரைந்து வேருக்குக் கீழே இறங்கிவிடும். போட்ட மறுநாள் பெருமழை பெய்தால் காசு போச்சு. அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக, பல தவணையில் போடச் சொல்கிறார்கள்.

இன்னொரு சிக்கல், எல்லா மஞ்சளும் ஒரே மஞ்சள் அல்ல. அடி இலை முதலில் வெளுத்தால் தழைச்சத்து குறைவு, யூரியா கேட்கும். குருத்து இலை வெளுத்தால் இரும்பு அல்லது கந்தகக் குறைவாக இருக்கலாம். நெல் நட்ட 2 முதல் 4 வாரத்தில் இலையில் துரு நிறப் புள்ளி விழுந்து, பயிர் குட்டையாக நின்றால் துத்தநாகக் குறைவு. இதற்கெல்லாம் மூட்டை மூட்டையாக யூரியா கொட்டினால் குறை தீராது. புகையானும் குலைநோயும் வந்து சேருவதுதான் மிச்சம்.

துத்தநாகக் குறைவுக்கு நடவின்போது ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து தூவினால் போதும். டி.ஏ.பி.யோடு கலக்கவே கூடாது. நட்ட பிறகு தெரிந்தால் 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா கலந்து இலையில் தெளிக்கலாம்.

தென்னைக்கும் இதே கதைதான். காய்க்கிற மரத்துக்கு ஆண்டுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, தொழு உரம் 50 கிலோ என்பது பரிந்துரை. இதில் முதலில் வெட்டு விழுவது பொட்டாஷுக்குத்தான். நுண்சத்தும் இல்லாவிட்டால் மரத்தின் உச்சி பென்சில் முனை மாதிரி கூம்பி, காய்ப்பே நின்றுவிடும்.

விவசாயியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 45 கிலோ யூரியா மூட்டை ரூ.266.50. டி.ஏ.பி. 50 கிலோ ரூ.1,350. பொட்டாஷும் யூரியாவை விட பல மடங்கு. 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையில் மானியம் கொண்டுவந்த மத்திய அரசு, யூரியாவை மட்டும் அதில் சேர்க்கவில்லை. கையில் காசு குறைவாக இருப்பவன் எதை வாங்குவான்? உபயோகத்தைக் குறைக்க 2018-ல் 50 கிலோ மூட்டையை 45 கிலோ ஆக்கினார்கள். மூட்டை சின்னதாச்சு, பழக்கம் மாறல.

2015-ல் தொடங்கிய மண்வள அட்டை திட்டத்தில் துத்தநாகம், இரும்பு, போரான் உட்பட 12 விஷயங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அட்டை இருந்தும் பெட்டியில் தூங்கினால் என்ன பலன்? அந்தந்தப் பகுதி உழவர் உதவியகத்திலும், குரும்பாப்பேட்டை வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

மண் எடுப்பதிலும் கவனம் வேண்டும். அறுவடை முடிந்து, உரம் போடுவதற்கு முன், வயலில் பல இடங்களில் அரை அடி ஆழத்துக்கு எடுத்து, கலந்து, அரை கிலோ கொடுத்தால் போதும். வரப்போரம், மரநிழல், எருக்குப்பை கிடந்த இடத்து மண் வேண்டாம்.